காலடி மண் யாருக்கு? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தில் தனி வீடும் அடுக்குமாடியும்

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒரு குடியிருப்பு வளாகத்தைத் திறந்துவைத்தார். 20 ஏக்கர் நிலத்தில் 13 கட்டடங்கள், 706.50 கோடி ரூபாய் செலவு. ஒரு கட்டடத்தில் 240 அறைகள், அறைக்கு ஆறு பேர். ஃபாக்ஸ்கான் நிறுவனத்தில் வேலை செய்யும் 18,720 பெண்கள் அங்கே தங்கலாம். திட்ட ஆவணங்களிலும் செய்திகளிலும் இந்த வளாகத்தின் அளவு படுக்கைக் கணக்கில்தான் சொல்லப்படுகிறது. வீடு என்ற கணக்கு அதில் இல்லை.

இந்த எண்களை அதே வட்டாரத்தில் பரவலாக இருக்கும் மனைப்பிரிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வல்லம் வடகால் வளாகத்தில் ஏக்கருக்கு 936 பேர். பக்கத்திலேயே ஒரு ஏக்கர் வயலை லே-அவுட் போட்டால், சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டது போக 60 விழுக்காடு மனையாகும் என்று கொண்டாலும், அரை கிரவுண்டு மனைகள் 21 தேறும். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 84 பேர். ஒரே வட்டாரம், ஒரே மண், ஏறத்தாழ பதினோரு மடங்கு வித்தியாசம். தனி வீடு நல்லதா, அடுக்குமாடி நல்லதா என்று குடும்பங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் காற்றோட்டம், முருங்கை மரம், லிஃப்ட், வாட்ச்மேன் என்று சுற்றிவரும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழில்தடத்தில் அந்தக் கேள்விக்கு வேறு எடை இருக்கிறது. காலடியில் உள்ள மண் யாருக்குச் சொந்தம், அங்கே தண்ணீரும் கழிவும் யார் பொறுப்பு, கடனைக் கட்டி முடிக்கும்வரை வேலை இருக்குமா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

ஆலைக்கு நிலம் வந்தது, ஆளுக்கு வரவில்லை

1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 1998-இல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன், நோக்கியா, சாம்சங், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், அப்போலோ டயர்ஸ், ராயல் என்ஃபீல்டு. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று ஒவ்வொன்றாகத் தொழிற்பூங்காக்களை அமைத்தது. நிலம் எடுப்பதற்கென்றே 1997-இல் தமிழ்நாடு ஒரு தனிச் சட்டம் இயற்றியது. ஆலைக்குச் சாலை, மின்சாரம், தண்ணீர் என்று எல்லாவற்றையும் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஆலைக்குள் வேலை செய்பவர் இரவில் எங்கே படுப்பார் என்பது மட்டும் யாருடைய பொறுப்பாகவும் இல்லை.

தமிழ்நாட்டில் முன்பெல்லாம் இப்படி இல்லை. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கியபோது சுரங்கத்தோடு சேர்த்தே நகரியமும் திட்டமிடப்பட்டது. வட்டம் வட்டமாகப் பிரித்து, தோட்டத்துக்கு இடம் விட்டு வீடுகள் கட்டினார்கள். திருச்சி பெல் நிறுவனத்துக்குக் கைலாசபுரம் வந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.-ஐச் சுற்றிக் காலனிகள் வந்தன. அந்த நகரியங்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நெய்வேலிக்காக ஊரை விட்டவர்களின் குறை இன்றும் தீரவில்லை; நகரியத்துக்குள்ளும் பதவிக்கு ஏற்பத்தான் வீட்டின் அளவு. ஆனாலும், வேலைக்கு ஆளை அழைப்பவர் அவருக்குத் தங்க இடமும் தர வேண்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. தொண்ணூறுகளில் தனியார் முதலீட்டை வரவேற்றபோது அந்த எண்ணத்தை ஓசையில்லாமல் கைவிட்டோம்.

அந்த இடத்தைக் கம்பெனி பஸ் நிரப்பியது. விடியற்காலையில் செய்யாறு, வந்தவாசி, ஆற்காடு, அரக்கோணம், காஞ்சிபுரம் பக்கங்களிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாகப் பேருந்துகள் கிளம்பி வருவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இந்தத் தடத்தின் உண்மையான 'நிலத்தோடு கூடிய வீடு' அந்தப் பேருந்துகள் புறப்படும் கிராமங்களில்தான் இருக்கிறது. அப்பா கட்டிய வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, ஒரு கிணறு, இரண்டு தென்னை. அந்த வீட்டை விட்டுவிடாமல் இருக்கத்தான் எட்டு மணி நேர ஷிப்டுக்கு முன்னும் பின்னும் மூன்று நான்கு மணி நேரத்தைச் சாலையில் கழிக்கிறார்கள். வாடகை மிச்சம், அம்மா கையால் சாப்பாடு, அறுவடைக்கு ஓர் ஆள். இவற்றுக்கான விலை தூக்கம். ஸ்ரீபெரும்புதூருக்கு இன்றுவரை ரயில் நிலையம் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்புக் கொள்கை என்று இந்தத் தடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது அந்தப் பேருந்துதான்.

லைன் வீடு

பஸ்ஸில் வந்துபோக முடியாத தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு லைன் வீடு. வல்லம், மாத்தூர், பண்ருட்டி, சேத்துப்பட்டு போன்ற ஒரகடம் சுற்றுவட்டார ஊர்களின் தெருக்களில் இதைப் பார்க்காமல் நடக்க முடியாது. (இந்தப் பண்ருட்டி கடலூர் மாவட்டத்துப் பலாப்பழப் பண்ருட்டி அல்ல, ஒரகடத்தை அடுத்த சிற்றூர்.) நீளவாக்கில் கிடக்கும் ஒரு மனையில் ஒரு பக்கம் வரிசையாகக் கதவுகள், எதிரே சுற்றுச்சுவர், நடுவே இருவர் ஒதுங்கிப் போகும் அளவுக்கு நடைபாதை. பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் அடுப்பு வைக்கச் சின்ன மேடை, மேலே குறுக்காகக் கட்டிய துணிக்கொடி, சுவரில் ஆணியில் தொங்கும் கம்பெனி அடையாள அட்டை. வரிசையின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டோ மூன்றோ கழிப்பறை. கூரை சிமெண்ட் ஷீட். ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஒரு சப்-மீட்டர்; யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே விலை. காலையும் மாலையும் அவர் மோட்டார் போடும்போது குடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் சித்திரை மாதத்து நண்பகலில் அந்த ஷீட்டுக்குக் கீழே தூங்க முயல்வார். ஒருவர் எழுந்து வேலைக்குப் போக, அதே பாயில் இன்னொருவர் வந்து படுப்பதும் உண்டு.

இதைக் கட்டியவர்கள் பெரிய கட்டுமானக்காரர்கள் அல்லர். சிப்காட்டுக்கு வயலைக் கொடுத்த விவசாயிக்கு நத்தத்தில் இருந்த வீட்டுமனை மிஞ்சியது. இழப்பீட்டுப் பணத்தில் அதே மனையில் நான்கு அறை கட்டினார். வாடகை வந்தது, மேலும் நான்கு கட்டினார். முன்பு நெல் கொடுத்த மண் இப்போது வாடகை கொடுக்கிறது. நிலத்தோடு கூடிய வீட்டின் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. காலடி மண் தன் பெயரில் இருந்தால் மேலே எழுப்பலாம், பக்கத்தில் நீட்டலாம், முன்னால் பெட்டிக்கடை போடலாம், மகள் திருமணத்துக்கு அடகு வைக்கலாம். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஃபிளாட்டிலும் இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர எதையும் செய்ய முடியாது.

ஆனால் அந்த மனைகூட இல்லாதவர்களின் கதை வேறு. இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. அந்த வயலில் நாற்று நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் பட்டா இல்லை. பெரும்பாலும் அவர்கள் தலித் மக்கள். இந்த மாவட்டத்தில் இது மிகப் பழைய கேள்வி. அன்றைய செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையில், அவர்கள் குடிசை போட்டிருக்கும் இடம்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் வெளியேற்றிவிடலாம் என்பதை முக்கியமான குறையாக எடுத்துக்காட்டினார். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையின் வழியே ஒதுக்கப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். குடியிருக்கும் மண்ணில் உரிமை இல்லாதவருக்கு வேறு எந்த உரிமையும் நிலைக்காது என்பது அன்றே இந்த மண்ணில் எழுதப்பட்டுவிட்டது. ஆலைகள் வந்தபோது மனை வைத்திருந்தவர் வீட்டுக்காரர் ஆனார். இல்லாதவர் அதே ஊரில் ஆலையின் தோட்டவேலைக்கும் துப்புரவுக்கும் காண்டிராக்டில் போனார். ஒரே தலைமுறையில் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்ததற்குச் சில சென்ட் வீட்டுமனை போதுமானதாக இருந்தது.

லைன் வீட்டை அதிகாரிகளும் நகரத்து எழுத்தாளர்களும் குடிசைப் பகுதியைப் போலப் பார்த்து முகம் சுளிப்பதை நான் ஏற்க மாட்டேன். இந்தத் தடத்தில் இத்தனை ஆண்டுகளாக வெளியூர்த் தொழிலாளர்களுக்கு இடம் கொடுத்தது அதுதான். வீட்டுக்காரம்மா அதே வளாகத்தில் இருக்கிறார். காய்ச்சல் என்றால் கஞ்சி கிடைக்கும். கணவன் மனைவி குழந்தையோடு குடியிருக்கலாம். வாரியிறைத்த மானியம் எதுவும் இல்லாமல் உருவான வாடகை வீடு அது. அதற்குத் தேவைப்படுவது கான்கிரீட் கூரைக்கான எளிய கடனும், சாக்கடை இணைப்பும், கழிப்பறை எண்ணிக்கைக்கு ஒரு விதியும், நேர்மையான மின்கட்டணமும். இவை எதுவும் 706 கோடி ரூபாய் கேட்கும் காரியமில்லை.

படுக்கை

2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்தார்கள். தரையில் நெருக்கியடித்துப் படுக்கவைத்ததும், கழிப்பறையில் தண்ணீர் இல்லாததும் அதன்பின் வெளியே வந்தன. அந்தப் போராட்டம் இல்லாமல் வல்லம் வடகால் வளாகம் இவ்வளவு விரைவில் எழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த வகையில் அது அந்தப் பெண்கள் வென்றெடுத்த கட்டடம். பாரத ஸ்டேட் வங்கிக் கடன், சிப்காட் முதலீடு, மலிவு வாடகை வீட்டுத் திட்டத்தின் கீழ் ஒன்றிய அரசின் மானியம் என்று பல கைகள் சேர்ந்து, தொழிலாளருக்குத் தங்குமிடம் பொதுச் செலவுக்குரிய காரியம் என்பதைத் தமிழ்நாட்டில் மீண்டும் ஏற்றுக்கொண்டன. இது பெரிய மாற்றம்.

ஆனால் படுக்கை ஒருவருக்குத்தான். அறைக்கு ஆறு பேர் உள்ள இடத்தில் பெற்றோர் வந்து தங்க முடியாது. குழந்தை வளர முடியாது. திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை வேலையில் ஒதுக்குவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. ஒன்றிய அரசு தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தக் குற்றச்சாட்டின் உண்மை எதுவானாலும், படுக்கையை மட்டும் தரும் குடியிருப்பு, தனியாள் தொழிலாளியை மட்டுமே ஏற்கும். இருபத்தைந்து வயதுக்கு மேல் அந்தப் பெண் எங்கே இருப்பாள் என்ற கேள்விக்கு 13 கட்டடங்களிலும் பதில் இல்லை.

மனையா, ஃபிளாட்டா

நிரந்தர வேலை கிடைத்தவர்களுக்கும், ஆலைகளின் பொறியாளர்களுக்கும், சென்னையிலிருந்து முதலீட்டுக்காக வருபவர்களுக்கும்தான் இந்தக் கேள்வி தெரிவாக வருகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டியதும் இரு பக்கமும் மனைப்பிரிவு அறிவிப்புப் பலகைகள்; ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் வானளாவிய குடியிருப்புக் கோபுரங்கள். இரண்டிலும் விற்கப்படுவது என்ன என்று பார்ப்போம்.

ஃபிளாட் வாங்குபவர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று கட்டடத்தில் ஒரு பகுதி. அது ஆண்டுக்கு ஆண்டு பழசாகும். இன்னொன்று பிரிபடாத பாகம். பத்திரத்தில் யுடிஎஸ் என்று பேசப்படும் நிலப்பங்கு. விலை ஏறுவது இரண்டாவதில்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி உயரமில்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அப்படியானால் 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்குச் சுமார் 500 சதுர அடி நிலம். உயர்மாடிக் கட்டடங்களுக்குக் குறியீடு 3.25, அதே 1,000 சதுர அடிக்கு நிலம் 308 சதுர அடியாகச் சுருங்கும். முக்கால் சென்ட்கூட இல்லை. அதையும் 'இதுதான் என்னுடையது' என்று கால் வைத்துக் காட்ட முடியாது. 2023 டிசம்பர் முதல் புதிய ஃபிளாட்டுகளை நிலம், கட்டடம் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. அதனால் நிலப்பங்கு எவ்வளவு என்பது வாங்குபவர் கண்ணில் முன்பைவிடக் குறைவாகவே படும். பத்திரத்தில் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டியது அவர் கடமை. 30, 40 ஆண்டுகள் கழித்து இடித்துக் கட்டும் நாள் வரும்போது அந்த வரிதான் பேசும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி திறந்திருக்கிறது.

மனை வாங்கியவரிடம் நிலம் முழுதாக இருக்கிறது. ஊர் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கும்வரை, வயலில் கல் நட்டு, வண்ணக் கொடி கட்டி, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை அழைத்து வந்து, பிரியாணி போட்டு விற்ற மனைகள் இந்த வட்டாரத்தில் கணக்கற்றவை. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டினால் பத்திரம் சுத்தமாகும். ஆனால் சாக்கடைக் குழாய் கட்டணத்தால் முளைத்துவிடாது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் அதற்குள் வந்தது. வரைபடத்தில் பெருநகரம் ஆகிவிட்டது. தெருவில் இன்னும் செப்டிக் டேங்க்தான்.

அந்த செப்டிக் டேங்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்தத் தடத்தில் நடுத்தரக் குடும்பம் வாங்குவது பெரும்பாலும் 30 அடிக்கு 40 அடி மனை. 1,200 சதுர அடி. அதில் வீடு, போர், செப்டிக் டேங்க் மூன்றும் அடங்க வேண்டும். போரை ஒரு மூலையிலும் டேங்கை எதிர் மூலையிலும் போட்டால்கூட இடையே 50 அடிதான். வாஸ்து பார்த்து, வாசல் பார்த்து, கார் நிறுத்த இடம் விட்டபின் அது 25, 30 அடியாகிவிடும். தன் மனைக்குள் சரியாகப் போட்டாலும், மதிலுக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் எந்த மூலையில் டேங்க் தோண்டினார் என்பது இவர் கையில் இல்லை. நூறு மனை கொண்ட லே-அவுட்டில் நூறு போர், நூறு டேங்க். அடியில் இருப்பது ஒரே நிலத்தடி நீர். தனி வீட்டில் தண்ணீர் செலவில்லை என்பவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை. அடுக்குமாடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதை ஓட்ட மாதாமாதம் மெயின்டெனன்ஸ் கேட்கிறார்கள், கோடையில் டேங்கர் லாரிக்குத் தனியாக. அங்கே செலவு கண்ணுக்குத் தெரிகிறது. தனி மனையில் அந்தச் செலவு மண்ணுக்குள் இறங்கி எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது.

வெள்ளமும் இப்படித்தான். காஞ்சிபுரம் ஏரிகளின் மாவட்டம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரகடத்துக்கு வடகிழக்கே மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் நீர் அடையாற்றின் தலைப்பகுதியில் சேருகிறது. 2015 டிசம்பரில் வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் தரைத்தளம் மூழ்கியபோது, தனி வீட்டுக்காரர்கள் மொட்டை மாடியில் நின்றார்கள். அடுக்குமாடியில் மேல்தளத்துக்காரர்களின் தட்டுமுட்டுச் சாமான் தப்பியது, மின்சாரமும் மோட்டாரும் நின்று குடிதண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். இரண்டில் எது பாதுகாப்பு என்ற கேள்வியை அந்த வெள்ளம் தள்ளிவிட்டது. கட்டிய இடம் ஏரியின் நீர்பிடிப்பா, கலங்கலுக்குக் கீழா, வாய்க்கால் மேலா என்பதே உயிரைத் தீர்மானித்தது. வயலை மனையாக்கும்போது முதலில் காணாமல் போவது பாசன வாய்க்கால். பத்து முதலாளிகள் பத்து லே-அவுட் போட்டால் வாய்க்கால் பத்து இடத்தில் வளையும், ஒரு இடத்தில் நின்றுவிடும். தனி மனைகளாகச் சிதறிய ஊர் ஆலைத்தடத்துக்கு ஆகாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது.

கடனின் ஆயுள், வேலையின் ஆயுள்

30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டு தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 26,000 ரூபாய் கட்ட வேண்டும். நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று மூடியது. ஒன்பது ஆண்டுகள்கூட இல்லை. பக்கத்து மறைமலை நகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்து 2022 ஜூலையில் கடைசி காரை இறக்கியது. அந்த ஆலைகளை நம்பி 20 ஆண்டுத் தவணையில் கையெழுத்திட்டவர்களுக்கு வங்கி ஒரு மாதத்தையும் குறைக்கவில்லை. இன்று இந்தத் தடத்தில் புதிதாகச் சேருபவர் பெரும்பாலும் டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்டிராக்ட். அவர்களுக்குச் சொந்த வீட்டுக் கனவை விற்பதும், விலை ஏறும் என்று ஆசை காட்டுவதும் அநியாயம்.

இந்த இடத்தில்தான் மனையும் ஃபிளாட்டும் நடைமுறையில் பிரிகின்றன. வேலை போனவர் மனையில் பாதி கட்டிய வீட்டை அப்படியே நிறுத்தலாம். கூரை போட்ட இரண்டு அறையில் இருந்துகொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிக்கும் அடுத்த வேலைவரை காத்திருக்கலாம். நம் ஊர்களில் கம்பி நீட்டி நிற்கும் மொட்டை மாடிகள் அப்படிக் காத்திருப்பவைதான். ஃபிளாட்டில் இந்த நெகிழ்வு கிடையாது. கட்டி முடித்த முழு விலைக்கும் முதல் நாளிலிருந்தே கடன்காரர், போதாக்குறைக்கு மெயின்டெனன்ஸ். மாறாக, வேலை தேடி வேறு ஊர் போக வேண்டியவருக்கு ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுப் போவது எளிது. பூட்டிய தனி வீட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு சொந்தக்காரர் வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். குடும்பத்தின் கண்ணில் பார்த்தால் நிலத்தோடு கூடிய வீடு அடுக்குமாடியைவிட மேல். அது பிழைப்புக்கு இடம் தருகிறது, கஷ்ட காலத்தில் பொறுத்துக்கொள்கிறது, பிள்ளைகளுக்கு மண்ணாகவே மிஞ்சுகிறது. ஊரின் கண்ணில் பார்த்தால், ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்கி, தனித்தனியாகத் துளை போட்டு, தனித்தனியாகக் கழிவை இறக்கும் முறை நாளைய பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் விதை. இந்த முரணைக் குடும்பங்கள் தீர்க்க முடியாது. ஆலைகளுக்காக ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒன்றுதிரட்டத் தெரிந்த அரசால் முடியும். இரண்டு மூன்று மாடிக்கு மேல் போகாத, தரையோடு ஒட்டிய வரிசை வீடுகள். பொதுவான குழாய்த் தண்ணீர், பொதுவான சாக்கடை. குடும்பத்தோடு இருக்க வாடகைக்கு, விரும்பினால் பிறகு வாங்கவும். ஏக்கருக்கு 84-க்கும் 936-க்கும் நடுவே மனிதர் வாழத்தக்க எண்கள் நிறைய இருக்கின்றன.

சிப்காட் இனி ஒரு பூங்காவுக்கு நிலம் எடுக்க அறிவிக்கை வெளியிடும்போது, ஆலைக்கு எத்தனை ஏக்கர் என்பதற்குப் பக்கத்திலேயே குடும்பக் குடியிருப்புக்கு எத்தனை ஏக்கர், அந்த ஊரில் பட்டா இல்லாமல் நிலத்தை இழப்பவர்களுக்கு எத்தனை மனை என்பதும் அச்சாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் லைன் வீடுகளுக்குக் குழாயும் சாக்கடையும் கொண்டுபோவதை உள்ளாட்சிகள் முதல் வேலையாக எடுக்க வேண்டும். மனையோ ஃபிளாட்டோ வாங்கும் வாசகர் முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டு, அந்தச் சர்வே எண்ணில் எந்தக் காலத்திலாவது வாய்க்காலோ ஏரியோ இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். முடிந்தால் அந்த இடத்தை ஐப்பசி மழையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.